சர்க்கரை போடாத உப்பு வேர்க்கடலைத் துண்டுகள்: முதல் தட்டே வீணாகாமல் செய்ய

பாகு பதம் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இந்த இனிப்பில் முதலில் சறுக்குவார்கள். சர்க்கரையும் வெல்லமும் கம்பிப் பதம் வரும், சிவக்கும், கடலையை இறுகப் பிடித்துக்கொள்ளும். அவற்றுக்குப் பதில் நாம் போடப்போகும் எரித்ரிட்டால் என்ற மாற்று இனிப்பூட்டி இந்த மூன்றில் ஒன்றையும் செய்யாது. அடுப்பில் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தாலும் சிவக்காது. ஆறியதும் மறுபடி படிகமாகிப் பல்லில் நறநறக்கும். அதனால் இந்தச் செய்முறையில் சிவந்த வாசனை வெண்ணெயிலிருந்து வருகிறது. பிடிப்பை வேர்க்கடலை விழுதும் ஃப்ரிட்ஜும் பார்த்துக்கொள்கின்றன.

செய்யப்போவது மூன்று அடுக்கு. கீழே கொரகொரப்பான வேர்க்கடலையும் தேங்காயும், நடுவில் சிவந்த வெண்ணெயும் கிரீமும் சேர்ந்த கேரமல் மாதிரியான ஒன்று, மேலே கசப்பு சாக்லேட், அதன்மேல் உடைத்த கல்லுப்பு. 15 செ.மீ. சதுரத் தட்டில் 16 துண்டுகள் வரும், துண்டுக்குச் சுமார் 35 கிராம். நார்ச்சத்தையும் எரித்ரிட்டாலையும் கழித்துப் பார்த்தால் ஒரு துண்டில் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட், சர்க்கரையும் இதில் அடங்கும்) ஏறக்குறைய 3 கிராம். அதே எடையுள்ள கடலை மிட்டாயில் வெல்லத்திலிருந்தே 15 கிராம் அளவுக்கு வந்துவிடும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடலாம். மாவுச்சத்து குறைவு என்றால் கலோரி குறைவு என்று பொருளில்லை. வெண்ணெயும் கடலையும் சேர்ந்து ஒரு துண்டு 180 கலோரியைத் தாண்டும்.

1. பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள்

இந்த வேலையில் பாதித் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் உட்பொருள் பட்டியலையும் சத்து அட்டவணையையும் பாருங்கள். உட்பொருள்கள் எடை வரிசையில்தான் அச்சிடப்பட்டிருக்கும்; எது அதிகமோ அது முதலில்.

இனிப்பூட்டி வாங்கும்போது ஐஎன்எஸ் எண்ணை, அதாவது உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச அடையாள எண்ணைத் தேடுங்கள். எரித்ரிட்டாலுக்கு 968. நமக்கு வேண்டியது இதுதான். ஸ்டீவியாவுக்கு 960, சுக்ரலோஸுக்கு 955. துளித் துளியாகச் சேர்க்க இவை உதவும். 965 என்றிருந்தால் அது மால்டிட்டால். 'சர்க்கரை இல்லாத' சாக்லேட்டுகளில் நிறைய இருப்பது இதுதான். சர்க்கரை அளவுக்கு இல்லாவிட்டாலும் ரத்தத்தில் குளுக்கோஸை ஏற்றவே செய்யும், வயிற்றையும் கலக்கும். 967 சைலிட்டால். வீட்டில் நாய் இருந்தால் அதை உள்ளே கொண்டுவரவே வேண்டாம். சிறிய அளவுகூட நாய்க்கு நஞ்சு.

ஸ்டீவியா, சுக்ரலோஸ் பொடிகளில் இன்னொரு பொறி உண்டு. இவை அதீத இனிப்பு என்பதால் கரண்டியால் அளக்க வசதியாக மால்டோடெக்ஸ்ட்ரின் அல்லது டெக்ஸ்ட்ரோஸ் கலந்து விற்பார்கள். இரண்டும் நேராகக் குளுக்கோஸ்தான். பட்டியலில் இந்தப் பெயர்கள் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

எரித்ரிட்டாலோடு ஸ்டீவியா கலந்த பொட்டலத்தில் 'சர்க்கரைக்குச் சமம்' என்று இருந்தால் அதை வாங்கலாம். ஆனால் அளவைக் குறைக்க வேண்டும். தனி எரித்ரிட்டால் சர்க்கரையில் சுமார் 70 சதவீத இனிப்புதான். கீழே உள்ள அளவுகள் தனி எரித்ரிட்டாலுக்கானவை. கலவை என்றால் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன், பேரீச்சம்பழம் ஆகியவற்றைப் பற்றிய கேள்வி கட்டாயம் வரும். சத்து, சுவை பற்றி எதுவும் சொல்லிக்கொள்ளலாம், மாவுச்சத்துக் கணக்கில் இவையெல்லாம் சர்க்கரைதான். இந்தத் தட்டில் இடமில்லை.

2. சாமான் பட்டியலும் செலவும்

தராசு இல்லாமல் தொடங்காதீர்கள். எரித்ரிட்டால் பொடித்தால் அளவு கூடும், பொடிக்காவிட்டால் குறையும். கப் கணக்கு இங்கே கைகொடுக்காது. 1 கிராம் வரை காட்டும் சமையல் தராசு போதும்.

கீழ் அடுக்குக்கு: வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 150 கிராம், இனிப்பு சேர்க்காத உலர் தேங்காய்த் துருவல் 50 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 40 கிராம், பொடித்த எரித்ரிட்டால் 25 கிராம், தூள் உப்பு 1 கிராம்.

நடு அடுக்குக்கு: உப்பில்லாத வெண்ணெய் 40 கிராம், ஃப்ரெஷ் கிரீம் 120 மி.லி., பொடித்த எரித்ரிட்டால் 40 கிராம், வேர்க்கடலை விழுது 60 கிராம், தூள் உப்பு 1 கிராம்.

மேலுக்கு: 85 அல்லது 90 சதவீத டார்க் சாக்லேட் 80 கிராம், நெய் 10 கிராம், கல்லுப்பு 2 கிராம்.

வேர்க்கடலை பச்சையாக 250 கிராம் வாங்கினால் வறுத்து, தோல் புடைத்த பிறகு இரண்டு அடுக்குக்கும் சரியாக வரும். சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை தொட்டது ஆகியவற்றைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். கடலையில் வளரும் பூஞ்சையின் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. ஒன்றிரண்டு வாயில் போட்டுப் பார்த்துக் காறல் தெரிந்தால் மொத்தத்தையும் ஒதுக்குங்கள். சாக்லேட்டும் உப்பும் அந்த வாடையை மறைக்காது, எடுத்துத்தான் காட்டும்.

'கடலை' என்ற சொல்லே இங்கே ஒரு பொறி. வீட்டில் வேறு யாராவது கடைக்குப் போகிறார்கள் என்றால் 'வேர்க்கடலை' என்று எழுதியே கொடுங்கள். பொட்டுக்கடலையும் கடலை மாவும் பிடிப்பு தரும் என்பது உண்மைதான், ஆனால் அவற்றின் எடையில் பாதிக்கு மேல் மாவுச்சத்து. முந்திரியும் ஆகாது, நார்ச்சத்தைக் கழித்த பிறகும் 100 கிராமுக்கு 27 கிராம் அளவில் நிற்கிறது. வேர்க்கடலை 8 கிராமுக்குள், பாதாம் 9 கிராம் அளவில். வேர்க்கடலை ஒவ்வாதவர்கள், பாதாம் ஒத்துக்கொள்ளும் என்றால், எல்லா இடத்திலும் அதே எடைக்குப் பாதாம் போடலாம். செலவு மட்டும் கூடும்.

வெண்ணெய்க்கு ஆவின் சமையல் வெண்ணெய் சரியாக இருக்கும், அதில் உப்பில்லை. ரொட்டியில் தடவும் உப்பு வெண்ணெய்தான் கிடைத்தது என்றால் கீழ் அடுக்கிலும் நடு அடுக்கிலும் சொன்ன தூள் உப்பை முழுவதும் விட்டுவிடுங்கள். அந்த வெண்ணெயில் இருப்பதே போதும். இதைக் கவனிக்காமல் இரண்டையும் போட்டுவிட்டுக் கருவாடு போலாகிவிட்டது என்று வருந்துபவர்கள் உண்டு.

கிரீம் என்றால் 25 சதவீதக் கொழுப்புள்ள, அட்டைப் பெட்டியில் வரும் பால் கிரீம். கேக் சாமான் கடைகளில் உறைந்த நிலையில் விற்கும் விப்பிங் கிரீமில் பெரும்பாலும் பாலே இருக்காது. தாவரக் கொழுப்பும் சர்க்கரையும் சேர்த்துச் செய்தது. பேக்கரிக்காரர்களுக்கு அது நல்ல பொருள், நமக்கு உதவாது. சாக்லேட்டிலும் இதே கதை. அதே கடைகளில் கிலோ கட்டியாக மலிவாகக் கிடைக்கும் 'டார்க் காம்பவுண்ட்' என்பது சர்க்கரை, தாவரக் கொழுப்பு, கொஞ்சம் கோகோ. உட்பொருள் வரிசையில் முதலில் சர்க்கரை நிற்பதைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

செலவு கடைக்குக் கடை மாறும். தோராயமாகச் சொன்னால், ஒரு தட்டுக்குச் செலவாகும் பொருள்களின் மதிப்பு 350 முதல் 450 ரூபாய் வரை ஆகலாம், துண்டுக்கு 25 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட. இதில் பெரும்பங்கு சாக்லேட்டுக்குப் போகிறது. ஆனால் எரித்ரிட்டாலை 65 கிராமாக யாரும் தரமாட்டார்கள், கிரீமும் 250 மி.லி. பெட்டியாகத்தான் வரும். எனவே முதல்முறை கையிலிருந்து இறங்கும் தொகை இதைப் போல் இரண்டு மடங்காகலாம். சென்னையில் பாரிமுனைப் பக்கம் கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் பருப்பு, உலர்பழ வகைகள் மொத்த விலைக்குக் கிடைக்கும். ஆனால் கால் கிலோ கடலைக்காக அந்த நெரிசலில் போய்த் திரும்புவது கட்டுப்படியாகாது. தெருமுனை மளிகைக் கடையே போதும்.

3. எப்போது தொடங்குவது

கை வேலை ஒரு மணி நேரம். ஃப்ரிட்ஜில் காத்திருப்பது இரண்டரை மணி நேரம். மாலை விருந்தாளி வருகிறார் என்றால் அன்று மதியம் தொடங்காதீர்கள், முந்தின நாள் இரவே முடித்துவிடுங்கள். மறுநாள் சுவையும் கூடும்.

வெளிநாட்டுச் செய்முறைகளில் 'மேசைமேல் வைத்தால் இறுகிவிடும்', 'அறை வெப்பத்தில் உள்ள வெண்ணெய்' என்றெல்லாம் இருக்கும். அவர்கள் சொல்லும் அறை 20 டிகிரி. சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் 34 டிகிரியில் முழுதாக உருகிவிடும். மே மாதத்துச் சென்னைச் சமையலறை அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டும். இது ஃப்ரிட்ஜில் பிறந்து ஃப்ரிட்ஜிலேயே வாழும் இனிப்பு. வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் ஊற்றினால் இன்னும் மோசம். அது 24 டிகிரியிலேயே இளகிவிடும்.

4. முன்வேலை: கடலை, பொடி, உப்பு

கடலையைக் கனமான வாணலியில் சிறு தீயில் 12 முதல் 15 நிமிடம் வறுங்கள். தோலின் நிறத்தை நம்பாமல் ஒரு கடலையைப் பிளந்து உள்ளே பாருங்கள். இளம் பொன்னிறம் வந்திருக்க வேண்டும். பெரிய தீயில் வறுத்தால் வெளியே கருகி உள்ளே பச்சை நிற்கும். முழுக்க ஆறட்டும். சூட்டோடு மிக்ஸியில் போட்டால் நீராவி அடித்து ஈரமாகும், எண்ணெயும் உடனே கக்கும்.

எரித்ரிட்டாலை ஈரமில்லாத சிறிய ஜாரில் போட்டு மைதா மாதிரி பொடியுங்கள். அரைத்ததும் மூடியைத் திறக்காமல் இரண்டு நிமிடம் விடுங்கள். திறந்தால் புகைபோல் எழும்பி மூக்கில் ஏறும். பொடித்ததைச் சலித்துக்கொள்வது நல்லது. இந்த ஒரு வேலையைத் தவிர்த்துவிட்டு, 'கரைந்துவிடும்' என்று அப்படியே போட்டால் நடு அடுக்கு மணல்தான். எரித்ரிட்டால் தண்ணீரிலேயே சர்க்கரை அளவுக்குக் கரையாது, கொழுப்பில் கரையவே கரையாது.

கல்லுப்பில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். இரண்டு கரண்டி எடுத்து வெறும் வாணலியில் மூன்று நான்கு நிமிடம் வறுங்கள். படபடவென்று தெறிக்கும், தட்டால் மூடிக்கொள்ளுங்கள். ஆறியதும் இடிகல்லில் போட்டு இரண்டே தட்டு. பிறகு டீ வடிகட்டியில் சலித்துத் தூளைச் சாம்பாருக்கு வைத்துக்கொண்டு, மேலே நிற்கும் கடுகு அளவுக் குருணையை மட்டும் எடுங்கள். தூள் உப்பைத் தூவினால் நாக்கு முழுவதும் ஒரே உப்பாகப் பரவும். குருணை என்றால் ஒரு கடியில் தெரியும், அடுத்த கடியில் இருக்காது. விலை உயர்ந்த செதில் உப்பு வாங்கத் தேவையில்லை.

உப்பு இங்கே அழகுக்காக மட்டும் இல்லை. கசப்பு நாக்கில் தெரிவதை உப்பு மட்டுப்படுத்தும். 90 சதவீத சாக்லேட்டின் கசப்பு, ஸ்டீவியா விட்டுச் செல்லும் பின்கசப்பு இரண்டும் அடங்குவது அதனால்தான். குறைந்த இனிப்பே நிறைய இனிப்பாகத் தெரியும்.

5. கீழ் அடுக்கு

தட்டில் பட்டர் பேப்பரை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விரியுங்கள். கடைசியில் மொத்தத்தையும் தூக்கி எடுப்பது அந்தக் காதுகளைப் பிடித்துத்தான். சதுரத் தட்டு இல்லாவிட்டால் அதே பரப்புள்ள எவர்சில்வர் டப்பாவும் சரி. பெரிய பர்பித் தட்டில் பரப்பினால் அடுக்குகள் அப்பளமாகிவிடும்.

150 கிராம் கடலையை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரு விநாடி, நிறுத்து, குலுக்கு, மறுபடி ஒரு விநாடி. ரவைக்கும் உடைத்த கடலைக்கும் நடுவில் கலவையாக இருக்கட்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் பிரிந்து விழுதாகிவிடும். அப்படி ஆகிவிட்டால் கவலை வேண்டாம், அதை நடு அடுக்கின் விழுதுக்கு எடுத்துக்கொண்டு இதற்கு வேறு கடலை வறுங்கள்.

தேங்காய்த் துருவலை வாணலியில் இரண்டு நிமிடம் மட்டும் புரட்டுங்கள். கண்ணை எடுத்தால் கருகிவிடும். கடையில் கிடைக்கவில்லை என்றால் கொப்பரையைத் துருவிக்கொள்ளலாம், முகர்ந்து பார்த்து வாங்குங்கள். பச்சைத் தேங்காய் கூடாது. அதன் ஈரத்தில் அடுக்கு நெகிழ்ந்துபோகும், இரண்டு நாளில் வாடையும் வந்துவிடும்.

எல்லாவற்றையும் உருக்கிய வெண்ணெயோடு பிசறுங்கள். கையில் பிடித்தால் கொழுக்கட்டைபோல் நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். தட்டில் கொட்டி, தட்டையான அடியுள்ள டம்ளரால் அழுத்துங்கள். ஓரங்களை விடாமல் அழுத்த வேண்டும். வெட்டும்போது உதிர்வது பெரும்பாலும் ஓரம்தான். ஃப்ரீசரில் 15 நிமிடம்.

6. நடு அடுக்கு: சிவந்த வெண்ணெய்

தட்டு தேறுவதும் தோற்பதும் இங்கேதான். எல்லாச் சாமானையும் அளந்து அடுப்புப் பக்கத்தில் வைத்துக்கொண்ட பிறகே தீயைப் பற்றவையுங்கள். கிரீம் ஃப்ரிட்ஜிலிருந்து அரை மணி நேரம் முன்பே வெளியே வந்திருக்கட்டும்.

மீதி 60 கிராம் கடலையைச் சட்னி ஜாரில் இட்டு விழுதாக அரையுங்கள். முதலில் பொடியாகும், பிறகு ஜாரோடு ஒட்டும், வழித்துவிட்டு வழித்துவிட்டு ஓட்டினால் மூன்று நான்கு நிமிடத்தில் பளபளவென்று இளகும். ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்கக் கூடாது. கடையில் வாங்கும் பீனட் பட்டர் என்றால் உட்பொருளில் வேர்க்கடலை தவிர வேறெதுவும் இல்லாததாகப் பாருங்கள்.

இனி வெண்ணெய். கறுப்பு நான்ஸ்டிக்கில் நிறம் தெரியாது, அதனால் அடிகனமான எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். தேவைக்கு மேல் கொஞ்சம் பெரியதாகவே இருக்கட்டும், பின்னால் பொங்கும். 40 கிராம் வெண்ணெயைச் சிறு தீயில் வையுங்கள். வீட்டில் நெய் காய்ச்சியவர்களுக்கு இது புதிதில்லை. முதலில் சடசடவென்று தண்ணீர் வற்றும் சத்தம் கேட்கும். சத்தம் அடங்கியதும் நுரை எழும். நுரையை விலக்கிப் பார்த்தால் அடியில் கசடு தங்க நிறத்திலிருந்து பாக்குத் தூள் நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். நெய் இறக்கும் அதே பதம். ஒரே வித்தியாசம், இங்கே வடிகட்டக் கூடாது. சர்க்கரை சிவந்தால் வரும் வாசனைக்குப் பதிலாக நமக்குக் கிடைப்பது அந்தக் கசடுதான். கறுத்துவிட்டால் கசக்கும். அப்போது வெண்ணெயை மாற்றி மறுபடி தொடங்குவதைத் தவிர வழியில்லை.

நிறம் வந்த கணமே தீயை அணைத்துவிட்டு கிரீமை மூன்று தவணையாக ஊற்றுங்கள். புஸ்ஸென்று பொங்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி சிறு தீ. எரித்ரிட்டால் பொடியைத் தூவித் தூவிக் கிளறுங்கள். ஆறு முதல் எட்டு நிமிடத்தில் கலவை கரண்டியின் முதுகில் படிந்து, விரலால் கோடு போட்டால் கோடு நிற்கும். அதுதான் பதம். 'இன்னும் கெட்டியாகட்டும்' என்று கிளறிக்கொண்டே போனால் கிரீமில் உள்ள தண்ணீர் தீர்ந்துபோகும். தண்ணீர் இல்லாவிட்டால் கரைந்திருந்த எரித்ரிட்டால் படிகமாகத் திரும்பும், கொழுப்பும் தனியே பிரியும். கெட்டியாக்குவது கடலை விழுதின் வேலை, தீயின் வேலை இல்லை. சோள மாவோ பால் பவுடரோ போட்டுக் கெட்டியாக்க நினைக்காதீர்கள். முதலாவது முழு மாவுச்சத்து, இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பால் சர்க்கரை.

அடுப்பை அணைத்து விழுதையும் உப்பையும் சேர்த்து மத்தால் அல்லது கம்பிக் கரண்டியால் அடியுங்கள். அல்வா இளகியதுபோல் வரும். மேலே எண்ணெய் மிதந்தால் வெந்நீர் ஒரு தேக்கரண்டி விட்டு வேகமாக அடியுங்கள், பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். சேரவில்லையா, இன்னொரு தேக்கரண்டி. அதற்கு மேல் வேண்டாம்.

இப்போது சுவை பாருங்கள். சூட்டில் இனிப்பு கூடுதலாகத் தெரியும், குளிர்ந்தால் மங்கும். ஆகவே சூடாக இருக்கும்போது கொஞ்சம் தூக்கலாக இருப்பதே சரி. குறைவாக இருந்தால் எரித்ரிட்டாலைக் கூட்ட வேண்டாம். 40 கிராமைத் தாண்டினால் நறநறப்பு நிச்சயம். ஸ்டீவியா அல்லது சுக்ரலோஸ் இரண்டு துளி விடுங்கள். எரித்ரிட்டாலுக்கு நாக்கில் சில்லென்று ஓர் உணர்வு உண்டு, புதினா மிட்டாய் மாதிரி. அளவு கூடக் கூட அது தூக்கும். சிவந்த வெண்ணெய், வறுத்த கடலை, உப்பு மூன்றும் சேர்ந்து அதை மறைக்கும் அளவுக்குத்தான் இங்கே கணக்கு வைத்திருக்கிறது.

கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, 15 நிமிடம் பிடிக்கலாம், கீழ் அடுக்கின்மேல் ஊற்றிச் சமப்படுத்துங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கீழே உள்ள வெண்ணெய் உருகி இரண்டும் ஒன்றாகும். ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம்.

7. சாக்லேட்டும் கல்லுப்பும்

சாக்லேட்டைப் பொடியாக நறுக்குங்கள். ஒரு பாத்திரத்தில் இரண்டு அங்குலம் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். அதன்மேல் சாக்லேட் கிண்ணத்தை, அடி தண்ணீரைத் தொடாமல் வைத்து நெய்யோடு உருக்குங்கள். கிண்ணம், கரண்டி எல்லாம் காய்ந்திருக்க வேண்டும். சில சொட்டுத் தண்ணீரோ நீராவியோ பட்டால் சாக்லேட் திடீரென்று களிபோல் திரண்டுவிடும். வெண்ணெய் சொல்லாமல் நெய் சொன்னதற்கும் காரணம் இதுதான். வெண்ணெயில் தண்ணீர் இருக்கிறது. துளி இனிப்பூட்டிகளும் தண்ணீரில் கரைத்தவை, சாக்லேட்டில் அவற்றை விடாதீர்கள். மேல் அடுக்கும் இனிப்பாக இருக்க வேண்டும் என்பவர்கள் சலித்த எரித்ரிட்டால் பொடி 10 கிராம் வரை கலக்கலாம்.

இறுகிய நடு அடுக்கின்மேல் ஊற்றித் தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பரப்புங்கள். குளிர்ந்த பரப்பு என்பதால் வேகமாக இறுகும். ஓரிரு நிமிடத்தில் பளபளப்பு மங்கத் தொடங்கும்போது உப்புக் குருணையைத் தூவுங்கள். முன்னால் தூவினால் மூழ்கிவிடும், பின்னால் தூவினால் ஒட்டாமல் உதிரும். அரை அடி உயரத்திலிருந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது.

அதே சமயம், சாக்லேட் முழுதும் இறுகுவதற்கு முன், கத்தியால் 4க்கு 4 கோடு போட்டுவிடுங்கள். பிறகு வெட்டும்போது சாக்லேட் கண்டபடி விரிசல் விடாது. மறுபடி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ்.

8. வெட்டுவதும் வைத்திருப்பதும்

பேப்பரைப் பிடித்துத் தூக்கி, ஐந்து நிமிடம் வெளியே வைத்து, கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்க வேண்டும்.

காற்றுப் புகாத டப்பாவில், அடுக்குக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரிட்ஜில் ஒரு வாரம், ஃப்ரீசரில் ஒரு மாதம் வரை வைக்கலாம். மூடி இறுக்கமாக இருக்கட்டும். வெண்ணெயும் சாக்லேட்டும் பக்கத்தில் உள்ள வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். இட்லி மாவும் மல்லிப்பூவும் அரிந்த வெங்காயமும் குடியிருக்கும் ஃப்ரிட்ஜில் திறந்து வைத்தால் மூன்றும் சாக்லேட்டில் தெரியும்.

வெளியே எடுத்ததும் துண்டுகள் வியர்ப்பது நம் ஊர்க் காற்றின் ஈரத்தால். அந்த ஈரத்தில் உப்புக் குருணை கரைந்து மேலே உப்புத் தண்ணீராக நிற்கும். சாப்பிடப்போகும் எண்ணிக்கையை மட்டும் எடுங்கள், மிச்சத்தை உடனே உள்ளே வையுங்கள். சாக்லேட்மேல் வெள்ளையாக ஆடை படர்ந்தால் பூஞ்சை என்று பயப்பட வேண்டாம். வெப்ப மாற்றத்தில் கோகோ வெண்ணெய் மேலே வந்து படிவது அது. பஞ்சுபோல் மயிரிழை தெரிந்தால்தான் பூஞ்சை.

9. எத்தனை துண்டு

ஒரு துண்டில் எரித்ரிட்டால் 4 கிராம், உப்பு கால் கிராம். ஒன்றோ இரண்டோ பெரும்பாலானவர்களுக்கு வயிற்றில் ஒன்றும் செய்யாது. ஐந்தாறு உள்ளே போனால் சிலருக்கு வயிறு உப்பி இரையும். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பவர்கள் கீழ், நடு அடுக்குகளின் உப்பை விட்டுவிட்டு மேலே தூவுவதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். நாக்குக்கு அதிகம் தெரிவது அதுதான்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இதை உணவுக்குப் பதிலாகச் சாப்பிடக் கூடாது. மாவுச்சத்தை நம்பி மருந்தின் அளவு வைத்திருப்பார்கள். உணவை விட்டுவிட்டு இதைச் சாப்பிட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். குளுக்கோமீட்டர் இருந்தால் சாப்பிடும் முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள், உங்கள் உடம்புக்கு எவ்வளவு ஏறுகிறது என்பது தெரிந்துவிடும். 2023இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வொன்று, ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடுதலாக இருந்ததாகச் சொன்னது. அது தொடர்பைக் காட்டியதே தவிர, இதுதான் காரணம் என்று நிறுவவில்லை. இருந்தாலும் ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள் தினசரிப் பழக்கமாக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

யார் வீட்டுக்காவது எடுத்துப் போவதானால் முதல் நாளே ஃப்ரீசரில் வைத்து, எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, உறைய வைத்த தண்ணீர் பாட்டிலோடு சேர்த்துத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். அடையாறிலிருந்து அண்ணாநகர் போய்ச் சேரும்வரை தாங்கும். போனதும் டப்பாவை அவர்கள் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள், உள்ளே வேர்க்கடலை இருப்பதையும் சொல்லிவிடுங்கள்.